90 டிகிரி வெந்நீரில் எத்தனை கிலோவாட் மின்சாரம் இருக்கிறது?

கேள்வியின் சாரம் இது. ஓர் இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு விநாடிக்கு ஒரு லிட்டர் வீதம் 90 டிகிரி செல்சியஸ் வெந்நீர் வெளியே வருகிறது. அதை 60 டிகிரிக்கு இறக்கினால் 125 கிலோவாட் வெப்பம் கிடைக்கும். அனல் மின் நிலையம் 40 சதவீதத்தை மின்சாரமாக்குகிறதே, இதிலிருந்து 50 கிலோவாட் ஏன் வராது? டர்பைனிலிருந்து வரும் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரில் வீணாகும் வெப்பத்தைத் திரும்ப பாய்லருக்கே அனுப்பினால் இன்னும் கூடுதலாக வருமே?

125 என்ற கணக்கு சரி. ஒரு கிலோ நீர் ஒரு டிகிரி இறங்கினால் 4.18 கிலோஜூல் விடும்; முப்பது டிகிரிக்கு 125. ஆனால் 50 வராது. எல்லாம் போக கையில் நிற்பது 3 கிலோவாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. எங்கெங்கே கழிகிறது என்று பார்த்துவிட்டால் இரண்டாவது கேள்விக்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

வெப்பத்தை ஜூல் கணக்கில் மட்டும் பார்க்கக் கூடாது. அது எந்தச் சூட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் கணக்குதான் என்ட்ரோபி. பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஓர் இயந்திரத்துக்குள் போகும் வெப்பத்தை, அது போகும் இடத்தின் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸோடு 273 கூட்டினால் வருவது) வகுத்தால் எவ்வளவு என்ட்ரோபி உள்ளே போனது என்று வரும். 500 கெல்வினில் 100 கிலோஜூல் போனால் 0.2. இயந்திரம் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பழைய நிலைக்கே திரும்புகிறது. அதனால் இந்த 0.2-ஐ உள்ளே தேக்கி வைக்க வழியில்லை. தண்டு சுழன்று வெளியே போகும் வேலையோ என்ட்ரோபியைச் சுமந்து போகாது. மிச்சமிருக்கும் ஒரே வாசல், குளிர்ந்த பக்கம் வெப்பமாக வெளியேறுவது. குளிர்ந்த பக்கம் 300 கெல்வின் என்றால் 0.2-ஐ வெளியேற்ற 60 கிலோஜூல் போயாக வேண்டும். மீதி 40 மட்டுமே வேலை. உராய்வே இல்லாத, கசிவே இல்லாத இயந்திரத்திலும் இதுதான் நிலை. நிஜ இயந்திரம் தன் பங்குக்கும் என்ட்ரோபி உண்டாக்கும். அதையும் வெளியேற்ற இன்னும் கொஞ்சம் வெப்பத்தை விட்டாக வேண்டும்.

இதைச் சூத்திரமாக எழுதினால் கார்னோ வரம்பு: குளிர் வெப்பநிலையைச் சூடான வெப்பநிலையால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் வருவது. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-இல் இந்த முடிவுக்கு வந்தபோது, வெப்பம் என்பது அழியாத ஒரு பாய்மம், அருவிபோல உயரத்திலிருந்து தாழ்வுக்கு விழும்போது சக்கரத்தைச் சுற்றுகிறது என்று நினைத்தார். பாய்மம் என்ற எண்ணம் பிழை; முடிவு பிசகவில்லை.

உங்கள் நீருக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 90 டிகிரி என்பது 363 கெல்வின், 30 டிகிரி சுற்றுப்புறம் 303. 1 − 303/363 = 16.5 சதவீதம். இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: செல்சியஸையே சூத்திரத்தில் போட்டுவிடுவார்கள். 1 − 30/90 = 67 சதவீதம் என்று ஆசைகாட்டும் விடை வரும். அந்த விடைக்குப் பொருளே இல்லை. பூச்சியம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் இந்தச் சூத்திரத்தின் உயிர்.

16.5 சதவீதம்கூட உங்களுக்குக் கிடையாது. அந்த எண், வெப்பம் முழுவதும் 90 டிகிரியிலேயே நின்றபடி கிடைத்தால் பொருந்தும். உங்கள் நீர் வெப்பத்தைக் கொடுக்கக் கொடுக்க ஆறிக்கொண்டே போகிறது. கடைசிச் சொட்டு வெப்பம் 60 டிகிரியில் வருகிறது. இந்த மாதிரி ஊற்றுக்கு மடக்கைச் சராசரி வெப்பநிலையை எடுக்க வேண்டும்: 30-ஐ 363/333 என்ற விகிதத்தின் இயல் மடக்கையால் வகுத்தால் சுமார் 348 கெல்வின். அதை வைத்துப் பார்த்தால் வரம்பு 12.9 சதவீதம், அதாவது 125-இல் 16 கிலோவாட். இயற்கை விதித்த உச்சவரம்பு இதுதான். இனிக் கழிவதெல்லாம் நாம் வைக்கும் கருவிகளால்.

அப்படியானால் அனல் மின் நிலையத்துக்கு 40 எப்படி வருகிறது? அங்கே நீராவி 540 டிகிரியில் டர்பைனுக்குள் போகிறது, 40 டிகிரியில் வெளியேறிக் குளிர்கிறது. வரம்பு 61 சதவீதம். பாய்லரில் வெப்பத்தின் பெரும்பகுதி நீரைச் சூடாக்கவும் கொதிக்கவைக்கவும் 540-க்குக் கீழேயே செலவாவதால் நடைமுறையில் 40 பக்கம் நிற்கிறது. உள்ளே எரியும் சுவாலை அதைவிட மிக அதிகச் சூடு. குழாய் உலோகம் தாங்காது என்பதால்தான் நீராவியை இதற்குமேல் அதிகம் ஏற்றுவதில்லை. எரிவாயு டர்பைன் அந்த உச்சச் சூட்டிலேயே வேலை வாங்கி, 600 டிகிரி அளவில் வெளிவரும் புகையை நீராவிச் சுற்றுக்குக் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்த நிலையங்கள் 60 சதவீதத்தைத் தாண்டியது அதனால்தான். ஆக 40 என்ற எண் 540 டிகிரிக்குச் சொந்தம். அதை 90 டிகிரி நீரின் தலையில் கட்ட முடியாது.

இனி கண்டென்சர். அங்கே போகும் வெப்பத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். 40 டிகிரியில் இருக்கும் வெப்பம் அதைவிடச் சூடான பாய்லருக்குள் தானாக ஏறாது. ஏற்றுவதற்கு ஹீட் பம்ப் வைத்தால், டர்பைன் கொடுத்த வேலை முழுவதையும் அது தின்றுவிட்டு இன்னும் கேட்கும். "சரி, குளிர்விக்காமல் ஆவியை அப்படியே பம்ப் பண்ணி பாய்லருக்குள் தள்ளினால்?" என்பது அடுத்த யோசனை. அதையும் எண்களில் பார்த்துவிடலாம்.

10 பார் அழுத்தத்தில் (1 பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) தெவிட்டிய நீராவி, அதாவது கொதிநிலையிலேயே இருக்கும் ஆவி, 180 டிகிரி. ஒரு கிலோவின் என்தால்பி, அதாவது அது சுமக்கும் மொத்த வெப்பக் கணக்கு, 2778 கிலோஜூல். இழப்பில்லாத டர்பைனில் 1 பார் வரை விரிந்தால் 391 கிலோஜூல் வேலை கொடுக்கும். வெளிவந்த ஆவியைக் குளிர்வித்து நீராக்கி, அந்த நீரை மறுபடி 10 பாருக்குத் தள்ள ஆகும் வேலை ஒரு கிலோவுக்கு 0.9 கிலோஜூல்தான், ஏனெனில் நீரின் கனஅளவு அத்தனை சிறிது. ஆவியாகவே தள்ளினால்? வந்த வழியே திரும்பப் போவதற்கு அதே 391 வேண்டும். கொடுத்ததை அப்படியே பிடுங்கிக்கொள்ளும். உராய்வும் சேர்ந்தால் வண்டி நகரவே நகராது. பெரிதாக விரிய விட்டு, சிறிதாக்கித் திரும்ப அனுப்புவதுதான் நீராவிச் சுற்றின் சூட்சுமம். சிறிதாக்கும் வேலையைக் கண்டென்சர் செய்கிறது. அது பிடுங்கும் வெப்பத்தை வீண் என்று சொல்வது, அருவிச் சக்கரத்தில் பட்டபின் கீழே ஓடும் நீரை வீண் என்று சொல்வது போல.

அதே நீராவியை 1 பாரில் நிறுத்தாமல் 0.1 பார் வெற்றிடம் வரை, அதாவது 46 டிகிரி வரை விரிய விட்டால் 391 கிலோஜூல் 692 ஆகிறது. பாய்லரில் அழுத்தம் ஒரு துளிகூட ஏற்றவில்லை. குளிர்ந்த பக்கத்தைச் சரியாக வைத்ததில் முக்கால் பங்கு கூடுதல் வேலை. தாமஸ் நியூகாமனின் 1712 நீராவி இயந்திரம் சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் தெளித்து ஆவியைக் குளிர்வித்தது. ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டர் ஆறிப்போய், அடுத்த ஆவியில் பாதிக்கு மேல் உலோகத்தைச் சூடேற்றவே போயிற்று. ஜேம்ஸ் வாட் குளிர்விக்கும் வேலையைத் தனி அறைக்கு மாற்றி 1769-இல் காப்புரிமை பெற்றார். கவனியுங்கள், அந்தப் பெரிய முன்னேற்றம் நெருப்புப் பக்கத்தில் நடக்கவில்லை.

வெற்றிடத்துக்கு ஒரு விலையும் உண்டு. மேலே சொன்ன விரிவின் முடிவில் ஆவியில் ஐந்தில் ஒரு பங்கு நீர்த்துளியாகிவிடும். அந்தத் துளிகள் கடைசி வரிசை பிளேடுகளின் விளிம்பை அரித்துத் தின்னும். ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரையறை. அதற்காகத்தான் நீராவியைத் தெவிட்டிய நிலையில் விடாமல் இன்னும் சூடேற்றி அனுப்புகிறார்கள்.

உங்கள் 90 டிகிரிக்கு நீராவியே சரிவராது. 40 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 0.074 பார், ஒரு கிலோ 19 கன மீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். சில கிலோவாட்டுக்காக யானைக்கால் குழாய் போட வேண்டிவரும். ஒவ்வொரு இணைப்பிலும் காற்று உள்ளே புகும். அதனால் கொதிநிலை குறைந்த திரவத்தை வைத்து அதே சுற்றை ஓட்டுவார்கள். ஆர்கானிக் ராங்கின் சுற்று என்பது இதுதான். பென்டேனை எடுத்துக்கொள்வோம். சாதாரண அழுத்தத்தில் 36 டிகிரியில் கொதிக்கும். 40 டிகிரியில் குளிர்வித்தாலும் உள்ளே வளிமண்டலத்தைவிடச் சற்றே கூடுதல் அழுத்தம் இருப்பதால் காற்று புகாது. விரிந்தபின்னும் உலர்ந்தே இருக்கும், பிளேடுக்கு ஆபத்தில்லை. ஆனால் தீப்பற்றும் பொருள். கசிவு உணரியும் தீப்பொறி எழுப்பாத மின் பொருத்தல்களும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

அடுத்த பெரிய கழிவு வெப்பப் பரிமாற்றிகளில். வெப்பம் ஒரு தட்டைத் தாண்டிப் பாய வேண்டுமென்றால் இருபுறமும் வெப்பநிலை வேறுபாடு வேண்டும். 5 டிகிரி இடைவெளி என்றாலே கணிசமான பரப்பு ஆகும். குளிர்ந்த பக்கம் 30 டிகிரி நீர் உள்ளே வந்து 35-இல் வெளியேறினால் பென்டேன் 40-இல் குளிரும். சூடான பக்கம்தான் சுவாரசியமானது. நீர் 90-இலிருந்து சரிந்துகொண்டே வருகிறது. பென்டேனோ ஒரே வெப்பநிலையில் நின்று கொதிக்கிறது. எந்த வெப்பநிலையில் கொதிக்கவிடுவது என்பது உங்கள் கையில்.

60 டிகிரியில் கொதிக்கவிட்டால், கொதிக்கும் இடத்தில் 65-க்கு ஆறிய நீர், உள்ளே வரும் 40 டிகிரி பென்டேனையும் சூடேற்றிவிட்டு சுமார் 62 வரை இறங்கும், 118 கிலோவாட் உள்ளே வரும். ஆனால் 60-க்கும் 40-க்கும் இடையே வரம்பு 6 சதவீதம்தான், 7.1 கிலோவாட். 65-இல் கொதிக்கவிட்டால் நீர் 67 பக்கமே நின்றுவிடும், உள்ளே வருவது 97 கிலோவாட்டாகக் குறையும், வரம்பு 7.4 சதவீதமாக ஏறுவதால் விடை 7.2. 70-க்குப் போனால் உள்ளே சுமார் 76 கிலோவாட் மட்டும், வரம்பு 8.7 சதவீதம், விடை 6.6. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 60-இலிருந்து 65-க்குப் போனதில் 20 கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை எடுக்காமலே விட்டுவிட்டோம், சக்தி குறையவில்லை. கழிவு வெப்பத்தைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தெடுத்தோம் என்று பெருமை பேசும் வடிவமைப்புகளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பெரிய பரிமாற்றிக்கும் பெரிய குளிரூட்டும் கோபுரத்துக்கும் செலவழித்துவிட்டு, ஒரு வாட்கூட அதிகம் எடுத்திருக்க மாட்டார்கள்.

65 டிகிரியைத் தேர்ந்தெடுப்போம். 7.2 கிலோவாட்டில் டர்பைன் இழப்பு, திரவத்தைக் கொதிநிலைவரை சூடேற்றுவதில் போவது, பம்ப் எல்லாம் சேர்ந்து 40 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் என்று வையுங்கள். இந்தச் சிறிய அளவுக்கு அது நியாயமான மதிப்பு. 4.3. ஜெனரேட்டர் இன்னும் 7 சதவீதம்: 4.0. கண்டென்சரில் 93 கிலோவாட்டை வெளியேற்ற, 5 டிகிரி ஏற்றத்துக்கு விநாடிக்கு 4.4 லிட்டர் நீர் ஓட வேண்டும். 15 மீட்டர் தலைப்பளுவுக்கு (நீரை அத்தனை உயரம் ஏற்றுவதற்குச் சமமான அழுத்தத்துக்கு) அந்தப் பம்ப் மட்டுமே 1.2 கிலோவாட் இழுக்கும். மிச்சம் 2.8. கோபுரத்தின் விசிறியை இன்னும் கழிக்கவில்லை. நீர் இல்லை, காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்றால் குளிரும் வெப்பநிலை 45-க்கு ஏறும், விசிறி 2 கிலோவாட் கேட்கும். கடைசியில் 1 கிலோவாட் சொச்சம்தான் தேறும். வெயில் கொளுத்தும் மதியத்தில் அதுவும் பூச்சியமாகலாம்.

இப்படிப்பட்ட அமைப்புகள் ஓடத் தொடங்கியபின் படுத்துவிடுவதற்கும் பெரும்பாலும் இதே இரண்டு பக்கங்கள்தான் காரணம். பரிமாற்றியில் 1 மில்லிமீட்டர் சுண்ணாம்புப் படிவு சேர்ந்தால் வெப்பம் கடத்தும் திறன் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 5 டிகிரி இடைவெளி 7-8 ஆகும். அனல் மின் நிலையத்துக்கு இது சிறிய தலைவலி. உங்களிடம் மொத்தமே 25 டிகிரி வித்தியாசம்தான் இருக்கிறது. இரு பக்கமும் இரண்டிரண்டு டிகிரி போனாலே சக்தியில் ஆறில் ஒரு பங்கு காலி. இன்னொன்று திரவப் பம்ப். கண்டென்சரிலிருந்து வரும் பென்டேன் கொதிநிலையின் விளிம்பிலேயே இருக்கும். பம்பின் வாயில் அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் அங்கேயே ஆவிக்குமிழி வெடித்து, பம்ப் கூழாங்கல்லை அரைப்பது போல் சத்தம் போடும், ஓட்டம் அறுந்துவிடும். திரவத் தொட்டியைப் பம்புக்கு மேலே ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் வைப்பதும், திரவத்தை மூன்று நான்கு டிகிரி கூடுதலாகக் குளிர்விப்பதும் இதற்கு வைத்தியம்.

"அசையும் பாகமே இல்லாத பெல்டியர் தகடு வைத்தால் என்ன?" என்றும் கேட்கப்படுகிறது. வெப்பநிலை வித்தியாசத்தை நேரடியாக மின்சாரமாக்கும் தகடு அது. 40 மில்லிமீட்டர் தகட்டில் 127 குறைக்கடத்தி இணைகள்; ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 0.05 வோல்ட். 200 டிகிரி வித்தியாசம் கிடைத்தால் 4-5 சதவீதம் மாற்றும். உங்களுக்குக் கிடைக்கும் வித்தியாசத்தில் 1 சதவீதத்தைத் தொடுவதே கடினம், ஏனென்றால் வித்தியாசத்தில் ஒரு பகுதியைத் தகட்டின் இருபுறமும் இருக்கும் பசையும் வெப்பக்கடத்தித் தகடுகளுமே விழுங்கிவிடும். அளக்கும்போது திறந்த மின்னழுத்தத்தைப் பார்த்து மகிழக் கூடாது. சுமை ஏற்றி அந்த வோல்ட் பாதியாகும் இடத்தில்தான் அதிகபட்ச சக்தி கிடைக்கும். இன்னொரு எச்சரிக்கை: குளிர்விப்பதற்காக விற்கப்படும் தகடுகள் பலவற்றில் உள்ளே 138 டிகிரியில் உருகும் பற்றாசு இருக்கும். அடுப்புமேல் வைத்து மின்சாரம் எடுக்கப் பார்ப்பவர்களின் தகடு சில நிமிடங்களில் செத்துப்போவது இதனால்தான்.

நீரை மூடிய கலனில் 180 டிகிரிக்கு ஏற்றி நீராவி இயந்திரம் ஓட்டிப் பார்க்கும் எண்ணமிருந்தால் ஒரு எண்ணை மட்டும் மனதில் வையுங்கள். 10 பாரில் 100 லிட்டர் நீர் இருக்கும் கலன் பிளந்தால், அந்த நீரில் 15 சதவீதம் நொடியில் ஆவியாகி 23 கன மீட்டராக விரியும். ஒரு சிறிய அறையின் கனஅளவு அது. பாதுகாப்பு வால்வு, நீர்மட்டக் கண்ணாடி, சான்றளிக்கப்பட்ட கலன் மூன்றும் இல்லாமல் இதில் கைவைக்காதீர்கள்.

உங்கள் வெந்நீரை என்னதான் செய்வது? வெப்பமாகவே பயன்படுத்த இடம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். உலர்த்தல், கழுவுதல், பாய்லருக்குப் போகும் நீரை முன்கூட்டியே சூடேற்றுதல் என்றால் 125 கிலோவாட்டும் கிட்டத்தட்ட முழுதாகப் பயன்படும். குளிரூட்டல் தேவைப்படும் இடம் என்றால் மின்சாரத்துக்குப் பதில் வெப்பத்தால் ஓடும் லித்தியம் புரோமைடு உறிஞ்சு குளிரூட்டி பொருந்தும். அது 90-இல் உள்ளே வாங்கி 80-இல் வெளியே விட்டால் 42 கிலோவாட் வெப்பம், செயல்குணகம் (கொடுத்த ஆற்றலில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் குளிர்ச்சி) 0.7 என்று எடுத்தால் 29 கிலோவாட் குளிர்ச்சி. செயல்குணகம் 4 உள்ள மின் குளிரூட்டி அதே குளிர்ச்சிக்கு 7 கிலோவாட் மின்சாரம் தின்னும். நீரின் வெப்பத்தில் மூன்றில் ஒன்றை மட்டும் தொட்டு 7 கிலோவாட்டை மிச்சம் பிடிக்கலாம். அதன் சிறிய பம்புகளைக் கழித்தாலும், டர்பைன் சுற்றி எடுக்கும் 2.8-ஐ விட இது இரண்டு மடங்கு.

எதை வாங்குவதானாலும் அதற்குமுன் அளக்க வேண்டியவை: இன்ஜின் பாதிச் சுமையில் ஓடும்போது நீர் எத்தனை டிகிரியில் வருகிறது, இன்ஜினுக்குள் திரும்பும் நீர் எத்தனை டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, ஆண்டின் மிகச் சூடான வாரத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) என்ன. இரண்டாவது எண் 75 என்று வந்தால், 60 வரை இறக்கும் கணக்கையே கிழித்துப் போட்டுவிட்டு 63 கிலோவாட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.